இரும்புக்கு எக்ஸ்ரே எடுத்த கதை

கும்மிடிப்பூண்டி,
திங்கட்கிழமை.

மரியாதைக்குரிய மச்சான் நூர் முகம்மது அவர்களுக்கு அஸ்கர் அலி எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கு நானும் உங்கள் தங்கையும் நலம். அவள் என்னோடு பேசுவதில்லை என்பதைத் தவிர வேறு குறை இல்லை.

உங்கள் மகள் முபீனாவின் நிச்சயத்துக்குப் பழவேற்காடு வராமல் நான் இந்தூர் போன காரணத்தைக் கேட்டிருந்தீர்கள். எங்கள் மில்லில் பழைய இரும்பை உருக்கிக் கட்டடக் கம்பி செய்கிறோம் அல்லவா, அந்தக் கம்பி வளைத்தால் மேலெல்லாம் வெடிக்க ஆரம்பித்தது. முதலாளி ஜெயராஜ், "இன்னும் ரெண்டு மாசம் பாப்போம் சார், அப்புறம் புது இரும்புதான்" என்றுவிட்டார். புது இரும்பென்றால் மலையைத் தோண்டி, நிலக்கரியை எரித்து வருவது; பழைய இரும்பு பிரிக்கும் நாற்பது பெண்களும் வேலையில்லாமல் வீட்டில் உட்கார வேண்டியதுதான். விட மாட்டேன் என்று நின்றேன். கம்பியில் செம்பு கலந்திருக்கிறது என்று எங்கள் லேப் சொல்லும். எங்கே ஒளிந்திருக்கிறது என்று சொல்லாது. அதைக் காட்டும் சிங்க்ரோட்ரான் என்கிற இயந்திரம் இந்தூரில் இருக்கிறது. எலக்ட்ரான்களைப் பெரிய வளையத்தில் ஓடவிடுகிறார்கள். திரும்பும் இடத்திலெல்லாம் அவை எக்ஸ்ரேயைக் கக்குகின்றன. ஆஸ்பத்திரி எக்ஸ்ரே அதன் முன்னால் மின்மினிப்பூச்சி. எழுதிப்போட்டுக் காத்திருந்து எனக்குக் கிடைத்த ஒரே நாள், நிச்சயத்து நாள்.

சென்ட்ரலில் மணிகண்டன் என்கிற போலீஸ்காரர் என் பையைத் திறந்து, பஞ்சில் சுற்றிய துண்டுகளைப் பார்த்து, "இன்னா சார் இது?" என்றார்.

"கம்பி. எக்ஸ்ரே எடுக்க எடுத்துக்கினு போறேன்."

"எங்க ஒடஞ்சிருக்கு?"

"அத கண்டுபுடிக்கத்தான் போறேன்" என்றதும், அந்த நல்ல மனிதர் என்னை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்து, கூட யாராவது வந்திருக்கிறார்களா என்று விசாரித்தார். அதற்குள் ரயில் போய்விட்டது. அடுத்த ரயிலில் ஏறி நாக்பூர் வரை நின்றுகொண்டே போனேன்.

போய்ச் சேர்ந்துவிட்டேன், மச்சான்! திரையில் கண்ணால் பார்த்தேன். இரும்பின் நுண்மணிகளுக்கு நடுவே செம்பு நூல் நூலாக ஓடியிருந்தது. கம்பியைப் பழுக்கக் காய்ச்சும்போது அது உருகி, இரும்பைப் பிளந்துவிடுகிறது. பழைய மோட்டார்களை உள்ளிருக்கும் செம்புச் சுருளோடு உலையில் போட்டதுதான் காரணம். ஊருக்கு வந்ததும் அதைப் பிரித்தெடுத்துவிட்டு உருக்கச் சொன்னேன். நேற்று அந்தக் கம்பியை முழங்கால் போல மடக்கினோம்; ஒரு கீறல் இல்லை. முதலாளி பழைய இரும்புக்கே சம்மதித்துவிட்டார். நாற்பது பேரும் வேலையில் இருக்கிறார்கள்.

முபீனாவுக்கும் மாப்பிள்ளைக்கும் அல்லாஹ் எல்லா பரக்கத்தும் தருவானாக. வீட்டில் அனைவருக்கும் என் சலாம்.

அஸ்கர் அலி

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும்போது இரும்பு பிரிக்கும் பெண்களுக்குத் தலைவியான பீவி ஜான் வந்தார். விஷயத்தைச் சொன்னேன். "இதுக்கா அவ்ளோ தூரம் போன, நைனா? மோட்டார ஒடைக்காம அப்டியே போட்றானுங்கன்னு ஆறு மாசமா கத்திக்கினு கீறேன். ஒருத்தராவது காதுல வாங்கினீங்களா?" என்றார். மச்சான், உங்கள் தங்கையிடம் மட்டும் இந்தப் பின்குறிப்பைக் காட்டிவிடாதீர்கள்.