தொண்ணூற்றொரு ஒன்றும் அத்தை மென்ற கரும்பும்

மூங்கில்துறைப்பட்டு,
புரட்டாசி, 1987

காஞ்சிபுரத்தில் பட்டுக் கடையும் தாமுமாக நலமாயிருக்கும் அன்பு மச்சான் காசிநாதனுக்கு, சுப்புராயன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் அக்காவும் மாடுகளும் சுகம். நம் பெண் மணிமொழிக்கு வரன் அமைந்துவிட்டது. உட்கார்ந்து படியுங்கள்.

அவள் கணக்கில் பட்டம் வாங்கியதிலிருந்து பெண் பார்க்க வருகிறவர்கள் படும் பாடு உங்களுக்குத் தெரியும். காபியை நீட்டும்போதே, "ஒன்னு ஒன்னுன்னு தொண்ணூத்தோரு தடவ வரிசையா எழுதினா வர்ற எண்ணு, ஒன்னும் அதுவும் போக, வேற எதாலயாவது மீதியில்லாம வகுபடுமா?" என்று கேட்டுவிடுவாள். உளுந்தூர்பேட்டைக் கணக்கர் "படாது" என்றார், பஜ்ஜியை முடிக்காமலே போனார். இந்த வரனும் தட்டிப்போனால் இனி யாரையும் கூட்டி வரக் கூடாது என்று உங்கள் அக்காவிடம் சொல்லிவிட்டாள்.

வந்தவர் சிவசங்கர், சொந்த ஊர் ரிஷிவந்தியம், கல்வராயன் மலையில் கணக்கு வாத்தியார். அவரும் அவர் அம்மா காசியம்மாளும் வந்து இறங்கினார்கள், பின்னாலேயே இடஒதுக்கீடு கேட்டு மறியல் செய்தவர்கள் ரோட்டுப் புளியமரங்களை வெட்டிச் சாய்த்துவிட்டார்கள். பஸ் இல்லை, போக வழியில்லை, நம்ம வூட்டிலேயே தங்கிவிட்டார்கள். கேள்வியைக் கேட்டதும் தம்பி, "யோசிக்கணுங்க" என்றார். அந்த அடக்கமே எனக்குப் பிடித்துவிட்டது. மறுநாள் காலையில் வந்து, "ஏங்க, தொண்ணூத்தோரு கரும்பு கெடைக்குங்களா?" என்றார். சர்க்கரை ஆலையின் வெட்டு உத்தரவு வராமல் கரும்பைத் தொடக் கூடாது. பெண்ணைப் பெற்றவனுக்கு எந்த உத்தரவு? வெட்டிவிட்டேன்.

களத்தில் வரிசையாகப் பரப்பி, ஒரு கரும்பு ஒரு ஒன்று என்று சொல்லி, ஏழேழாகக் கட்டினார். "பதிமூனு கட்டு வரும். எல்லாக் கட்டும் ஒரே மாதிரி. அப்போ ஏழு ஒன்னு சேர்ந்த எண்ணு மொத்தத்தையும் மீதியில்லாம வகுத்துடும். பதிமூனு பதிமூனா கட்டினா ஏழு கட்டு, பதிமூனு ஒன்னு சேர்ந்த எண்ணாலயும் வகுபடும்" என்றார். அவ்வளவு பெரிய எண், தாளில் ஒரு வரியில் அடங்காது மச்சான், அதை வகுத்தே பார்க்காமல் கரும்புச் சோகையால் கட்டிப் போட்டுவிட்டார். இன்னா மூளை! நான் வாயைப் பிளந்து நிற்கிறேன், கடைசிக் கட்டில் ஆறுதான் இருக்கிறது. திரும்பத் திரும்ப எண்ணுகிறார், ஆறுதான். வேர்த்துக் கொட்டுகிறது அவருக்கு. மணிமொழி கையைக் கட்டிக்கினு நிற்கிறாள். போச்சுடா என்று உட்கார்ந்தேன். அப்போதுதான் பார்த்தோம், மூலையில் காசியம்மாள் ஒரு கரும்பை மென்று முடிக்கிற கட்டத்தில் இருந்தார்கள்.

"இனிப்பா இருந்துச்சு, எடுத்தேன்" என்றார்கள் பாவம். மணிமொழி குனிந்து சக்கையெல்லாம் பொறுக்கி ஆறு கரும்போடு வைத்து, "அத்தை தின்னதயும் சேத்துக் கட்டுங்க, சரியாப் போச்சு" என்றாள். அத்தை என்றாள் மச்சான். உங்கள் அக்கா உள்ளே போய் அழுதுவிட்டாள்.

சாப்பிடும்போது தம்பி இன்னும் ஒன்று சொன்னார்: "கட்டாப் பிரிஞ்சா எண்ணும் பிரியும், கட்டாப் பிரியலன்னா எண்ணும் பிரியாது." இந்த வாக்கியத்தைச் சட்டம் போட்டு மாட்டலாம் என்றிருக்கிறேன். கல்யாணம் தையில். பட்டுப்புடவை நிதானமாகப் பார்த்து எடுங்கள். தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் ஆசி. மரங்களை அகற்றினதும் இக்கடிதம் வந்து சேரும்.

தங்கள் அன்புள்ள,
சுப்புராயன்

பின்குறிப்பு: மணிமொழி இதை வாங்கிப் படித்தாள். சட்டம் போட்டு மாட்ட இருந்த வாக்கியத்தின் பின்பாதி தப்பாம். மூன்று கரும்பு சமமான கட்டாகப் பிரியாது, ஆனால் மூன்று ஒன்று சேர்ந்த நூற்றுப் பதினொன்று முப்பத்தேழால் வகுபடுகிறது. நானும் போட்டுப் பார்த்தேன், படுகிறது. கல்யாணம் போச்சு என்று நினைத்து, "தையில..." என்று ஆரம்பித்தேன். "இவ்ளோ தப்ப நம்பிக்கினு இருக்கிற மனுசன தை வரைக்கும் தனியா உட முடியாதுப்பா, ஐப்பசியிலயே வைங்க" என்கிறாள். புடவையை உடனே எடுக்கவும்.