ஈரப் பொன்னாடை

நான்காம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னைக் கைவிட்டது. அப்படியிருந்தும் சிங்கப்பூரில் சிராங்கூன் ரோட்டுப் பக்கம் ஒரு பரோட்டாக் கடை, கிளமெண்டியில் சொந்த வீடு, பட்டம் வாங்கிய இரண்டு பெண்கள் என்று எல்லாவற்றையும் இந்த வலது கையால் உண்டாக்கினேன். (இடது கையும் கூட இருந்தது, அதற்குப் பெரிய பங்கில்லை.) அந்த வலது கைதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைக் கவிழ்த்தது.

கடையில் இரண்டு கல். ஒன்றில் நான், மற்றதில் ரஹீம் பாய். பாய் இல்லாவிட்டால் கடை இல்லை என்பது எனக்குத் தெரியும். அவருக்குத் தெரியாமல் பார்த்துக்கொண்டேன். ஒருநாள் அவர், சுண்டுவிரலைத் தவிர மற்ற விரல்கள் மரத்துப்போகின்றன என்றார். மணிக்கட்டுக்குள் நரம்பு நசுங்குகிறதாம், கிளினிக்கில் சொன்னார்களாம். அரை மணிக்கொரு முறை வேலையை மாற்றித் தராவிட்டால் மாதக் கடைசியில் விலகிக்கொள்வதாகவும் சொன்னார்.

“நாப்பது வருஷமா மாவு வீசுறேன் பாய். எனக்கு வந்துச்சா?”

வந்து ஆறு மாதமாகியிருந்தது. காலையில் கையை உதறினால்தான் கட்டைவிரல் என்னுடையது என்று தெரியும். வாயு என்று நானே முடிவுகட்டிப் பூண்டு தின்றேன். மணிக்கட்டில் துணியை இறுக்கிக் கட்டினேன். நசுங்கிய நரம்பை இன்னும் நசுக்கியிருக்கிறேன் என்பது பிறகு தெரிந்தது.

அந்த ஞாயிறு காலை, பாயை உட்காரவைத்து டீ கொடுத்துவிட்டு, இரண்டு கல்லையும் நான் ஒருவனே பார்த்துக்காட்டுகிறேன் என்று அறிவித்தேன். ஒரு மணி நேரம் கையை நிறுத்தவில்லை. பிறகு விரல்கள் இருக்கும் இடமே தெரியவில்லை. வீசிய மாவு திரும்பி வரவில்லை. வரிசையில் முன்னால் நின்ற ஓய்வுபெற்ற தமிழாசிரியரின் தோளில், இரு பக்கமும் சமமாகத் தொங்கும்படி அமர்ந்தது. விழா தவறாமல் பொன்னாடை வாங்குகிறவர் அவர். அசையாமல் நின்றார்.

“எனக்குக் கெடச்சதுல இதுதான் ஈரமான பொன்னாடை.”

பாய் டீயைக் கீழே வைத்தார். “அண்ணே, சுண்டுவிரல் நல்லாருக்கா?”

“இருக்கு.”

“மத்தது மரத்துப்போச்சு. அதேதான் லா. நகருங்க.”

மறுநாள் நானும் கிளினிக்குக்குப் போனேன். மணிக்கட்டை மடக்கியபடி ஒரே வேலையை ஓயாமல் செய்யக்கூடாது, நடுநடுவே கைக்கு ஓய்வு வேண்டும் என்று, பாய் சொன்னதையே டாக்டரும் சொன்னார். மணிக்கட்டை நேராக வைக்க ஒரு பட்டையும் தந்தார்.

இப்போது அரை மணிக்கொரு முறை ஆள் மாறுகிறோம். மாவு வீசியவர் பரிமாறப் போவார். பாய் விலகவில்லை. எந்த விழாவில் பொன்னாடையை எடுத்தாலும் என் பெண்கள், “அப்பா கையில மட்டும் குடுக்காதீங்க” என்கிறார்கள். அதுகூடப் பரவாயில்லை.

ஆள் மாறும் நேரத்தை எழுதி, மேலே ‘ரஹீம் பாய் முறை’ என்று மூத்தவள் சுவரில் ஒட்டிவைத்திருக்கிறாள். பாய்தான் சொன்னார், உண்மை. சொன்னபோது யார் கேட்டது? ஊர் பார்க்க நிரூபித்தது யார்? அந்தத் தாளில் என் பெயரும் வர வேண்டும். சின்ன எழுத்தில் போட்டால் ஒத்துக்கொள்ள மாட்டேன்.