ரிப்பன் மட்டும் கீழே வந்தது

கடலூர் முதுநகர்,
ஆகஸ்ட் 2008

அன்பும் பாசமும் நிறைந்த மச்சான் ஆரோக்கிய ஜெகனுக்கு,

உங்கள் அக்கா ரோசியின் வீட்டுக்காரன் சகாயநாதன் எழுதுகிறேன். இங்கே நானும் ரோசியும், என் சர்க்கரையும் முட்டிவலியும் ஒருவரை ஒருவர் பிரியாமல் சுகமாக இருக்கிறோம். அங்கே நீங்களும் பெலிசியாவும் பிள்ளைகளும் உங்கள் மளிகைக் கடையும் மாதா புண்ணியத்தில் நன்றாக இருக்க வேண்டும். போனிலேயே பேசியிருக்கலாம். பேசினால் நடுவில் நீங்கள் சிரிப்பீர்கள், எனக்குக் கோபம் வந்து போனை வைத்துவிடுவேன், சொல்ல வந்தது அப்படியே நின்றுபோகும். அதனால்தான் கடிதம்.

விஷயம் இதுதான். எங்கள் அறக்கட்டளையில் இருந்த கொளஞ்சியம்மாள் கோபித்துக்கொண்டு போய், சிதம்பரத்தில் உங்கள் கடைக்குப் பின்தெருவில் தங்கச்சி வீட்டில் இருக்கிறாராம். புளி, மிளகாய் எல்லாம் உங்கள் கடையில்தான் வாங்குகிறாராம். இடது காலை இழுத்து இழுத்து நடப்பார், குரல் மட்டும் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்கும், அந்த அம்மாதான். எப்படியாவது நல்ல வார்த்தை சொல்லி அவரைத் திருப்பி அனுப்பி வையுங்கள். ஏன் போனார் என்று கேட்பீர்கள். சொல்கிறேன், சிரிக்காமல் படியுங்கள்.

மின்வாரியத்தில் கணக்கு எழுதி ஓய்வுபெற்று நிம்மதியாக இருந்த என்னை, சுனாமிக்கு அப்புறம் "சும்மாதானே இருக்கீங்க" என்று இழுத்துப்போய் அலைக்கரை அறக்கட்டளையின் செயலாளர் ஆக்கியது உங்களுக்குத் தெரியும். நான் போனபோது அங்கே எல்லாம் ஒரே குழப்பமாக இருந்தது. ஆபீசில் ஃபைல் அடுக்கிய கையாச்சே, மனிதர்களையும் அப்படியே அடுக்கினேன். குப்பத்து மீனவப் பெண்களுக்கு ஒரு சங்கம், தலைவி சின்னப்பிள்ளை. காலனிக்கு ஒரு சங்கம், தலைவர் உத்திராபதி. ஊனமுற்றோருக்கு ஒரு சங்கம், தலைவர் பூவராகன். ஒவ்வொன்றுக்கும் தனிக் கிழமை, தனிப் பாய், தனி டீச் செலவு. யாரும் யாரோடும் மோதாமல் வண்டி ஓடியது. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

இந்த மூன்றுக்குள்ளும் அடங்காமல் வந்து நின்றவர் கொளஞ்சியம்மாள். திட்டக்குடிப் பக்கம் பிறந்து இங்கே காலனியில் வாழ்க்கைப்பட்டவர். துறைமுகத்தில் மூட்டை தூக்கிய புருஷனை அலை கொண்டுபோய்விட்டது. சின்ன வயசிலேயே போலியோ வந்த கால். குப்பத்துக்காரர்களின் மீன் காயப்போடும் களத்தில் வேலை. அவர் கேட்டது ஒன்றே ஒன்று: களத்துக்குப் பக்கத்தில் தன்னால் ஏறி இறங்கக்கூடிய ஒரு கழிப்பறை. விடிகாலையில் களத்துக்கு வந்தால் சாயங்காலம் வீடு போகிற வரைக்கும் அவர் ஒரு வாய் தண்ணீர் குடிக்கிறதில்லையாம். முதலில் சின்னப்பிள்ளையிடம் கேட்டார். "அது காலனி விஷயம், உங்க உத்திராபதிகிட்ட போய்ச் சொல்லு" என்று பதில் வந்தது. அன்றைக்குக் கூட்டத்தில் எல்லாருக்கும் டீ எவர்சில்வர் டம்ளரில், இவருக்கு மட்டும் பிளாஸ்டிக் கப்பில். சுத்தம் பார்க்கிறார்கள் என்று நான் நினைத்துக்கொண்டேன், நினைக்கிறதுக்குச் செலவா என்ன. அப்புறம் உத்திராபதி: "பொம்பளைங்க சமாச்சாரத்த எங்கிட்ட வந்து ஏம்மா சொல்ற? மகளிர் சங்கத்துல கேளு." பூவராகன்: "நாங்க மூணு சக்கர வண்டிக்கு மனு போட்டுக்கினு இருக்கோம், நடுவுல கக்கூஸக் கொண்டாந்து சொருவாத. இங்க எல்லாம் ஆம்பளைங்க வேற." மூன்று பேர் சொன்னதையும் நான் மினிட் புத்தகத்தில் அழகாக எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அந்த நேரத்தில்தான் திருப்பாதிரிப்புலியூர் ஸ்டேஷன் பக்கம் ஒரு மண்டபத்தில் எங்களுக்குப் பயிற்சி வைத்தார்கள். மெட்ராஸில் இருந்து ஒரு மேடம் வந்து சார்ட்டில் வட்டம் வட்டமாகப் போட்டார். பெண் என்று ஒரு வட்டம், சாதி என்று ஒன்று, ஊனம் என்று ஒன்று, விதவை என்று ஒன்று. "மனுஷங்க ஒரே வட்டத்துக்குள்ள நிக்கறதில்ல. இந்த நாலும் ஒண்ணு மேல ஒண்ணு விழுற எடத்துலயும் ஆள் இருக்காங்க. அவுங்களுக்கு வர்ற கஷ்டம் தனிக் கஷ்டம், அதை நாலு வட்டமும் கை கழுவிடும்" என்றார். நடு இடத்தைப் பார்த்ததும் எனக்குக் கொளஞ்சியம்மாள் முகம் தெரிந்தது. கண்கூடக் கலங்கிவிட்டது மச்சான், பொய் சொல்லவில்லை. ஆனால் மத்தியானச் சாப்பாட்டுக்குள் புத்தி வேறு பக்கம் போய்விட்டது. சங்கத் தலைவர்கள் இல்லாத எங்கள் நிர்வாகக் குழுவில் ஒரு பெண், ஒரு தலித், ஒரு ஊனமுற்றவர், ஒரு விதவை கட்டாயம் இருக்க வேண்டும் என்று உதவி தரும் நிறுவனம் நச்சரித்துக்கொண்டிருந்தது. நாலு பேரை எங்கே உட்காரவைப்பது, எங்கள் ரூமோ தீப்பெட்டி சைஸ். கொளஞ்சியம்மாள் ஒருத்தரைப் போட்டால் நாலும் முடிந்ததே!

போட்டேன். மேலே சொன்ன எல்லாருக்கும் பிரதிநிதி அவர்தான். யார் பார்வையிட வந்தாலும் அவரைக் கூப்பிடு, எந்தப் போட்டோ எடுத்தாலும் அவரை நடுவில் நிறுத்து. எல்லாச் சங்கத்துக் கூட்டத்துக்கும் அவர் வரணும்னு உத்தரவு போட்டேன். பாவம், களத்து வேலையைப் போட்டது போட்டபடி ஓடியாந்தாங்க. "ஏன் சார், நாலு பேருக்குப் பதிலா ஒக்காந்திருக்கேன், நாலு ஆள் கூலியா குடுக்கறீங்க?" என்று ஒருநாள் கேட்டார். எல்லாரும் சிரித்தோம். நான்தான் ஜாஸ்தி சிரித்தேன்.

கழிப்பறைக்குத் தீர்மானமும் நிறைவேறியது. எங்கே கட்டுவது என்றதும் சண்டை. ஒரு சங்கத்துக்குக் கட்டினால் மற்ற இரண்டும் மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொள்ளும். யார் மனசும் நோகக்கூடாது என்று மூன்றாகக் கட்டினோம். மகளிர் சங்கத்துடையது களத்துக்குப் பக்கத்திலேயே வந்தது. ஆனால் சுனாமி பயத்தில், இன்னொரு அலை வந்தாலும் நனையக்கூடாது என்று சின்னப்பிள்ளை பிடிவாதம் பிடித்து, கோயில் தேர் நிற்கிற உயரத்துக்குப் படி வைத்துக் கட்டச் சொல்லிவிட்டார். சாவியும் அவர் இடுப்பில்தான், காலனிப் பெண்கள் கையில் வராது. ஊனமுற்றோர் சங்கத்துடையதில் சாய்தளம் உண்டு. அது எங்கள் ஆபீஸ் வாசலில், ஆண்கள் உட்கார்ந்து பேப்பர் படிக்கிற இடத்தில் இருக்கிறது, உள்பக்கம் தாழ்ப்பாள் கிடையாது. ஆம்பளைங்களுக்கு எதுக்குத் தாழ்ப்பாள்னு பூவராகன் மிச்சம் பிடிச்சுட்டாரு. காலனியில் கட்டினது தரையோட தரையா நல்லாத்தான் இருக்கு. களத்துலேருந்து அங்க போயிட்டு வர்றதுக்குள்ள காக்காயும் நாயும் மீனைக் காலி பண்ணிடும், மொதலாளி அன்னக்கிக் கூலியைப் பிடிச்சுடுவாரு. யாருக்காகத் தீர்மானம் போட்டோமோ அந்தப் பொம்பளைக்கு மூணுல ஒண்ணும் ஒதவல. 

திறப்பு விழாவன்று நடந்ததைக் கேளுங்கள். பிரதிநிதி அவர்தானே, ரிப்பன் வெட்ட அவரைக் கூப்பிட்டோம். படிக்குக் கீழே வந்து நின்றார். ரிப்பன் மேலே கதவில் கட்டியிருக்கிறது. பட்டுப்புடவையும் மைக்குமாக ஊரே நிற்கிறது, போட்டோக்காரர் அவசரப்படுத்துகிறார். எனக்குத்தான் அந்த யோசனை தோன்றியது, சொல்லவே வெட்கமாக இருக்கிறது. ஓடிப்போய் ரிப்பனை அவிழ்த்துக் கீழே கொண்டுவந்து, ஒரு பக்கம் நானும் ஒரு பக்கம் சின்னப்பிள்ளையும் பிடித்துக்கொண்டோம். அவர் வெட்டினார். எல்லாரும் கை தட்டினோம். கத்தரிக்கோலை என் கையில் கொடுத்துவிட்டு, மைக்கே தேவைப்படாத அந்தக் குரலில் கேட்டார்:

"ரிப்பன் கீழ எறங்கி வந்துடுச்சு சார். கக்கூஸ் எப்ப எறங்கி வரும்?"

அதோடு போனவர்தான். அடுத்த கூட்டத்துக்கு வரவில்லை, களத்துக்கும் வரவில்லை. அவர் நாற்காலி காலியாக இருக்கிறது. ஒரே நாற்காலி காலியானதும் பெண்ணும் இல்லை, காலனியும் இல்லை, ஊனமும் இல்லை, விதவையும் இல்லை, குழுவில் மிச்சம் இருக்கும் நாங்கள் நாலு பெரிய மனுஷர்கள் ஒருவர் மூஞ்சியை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். அடுத்த மாசம் உதவி தரும் நிறுவனத்தில் இருந்து வருகிறார்கள், போட்டோவில் இருக்கும் அம்மா எங்கே என்று கேட்பார்கள். முதலில் அதற்காகத்தான் அவரைத் தேடினேன், உங்களிடம் மறைப்பானேன். இப்போது அது இல்லை. ஒவ்வொரு தடவை பாத்ரூம் போகும்போதும் அந்தம்மா ஞாபகம் வருது மச்சான். சர்க்கரைக்காரன் நான், ஒருநாளைக்கு எத்தனை தடவை ஞாபகம் வரும்னு நீங்களே நெனச்சுப் பாருங்க. வட்டம் போட்டதைப் பார்த்துக் கண் கலங்கத் தெரிந்த எனக்கு, "ஏம்மா, இந்தப் படி உன்னால ஏற முடியுமா?" என்று கொத்தனார் செங்கல் வைக்கும்போதே ஒரு வார்த்தை கேட்கத் தெரியவில்லை.

அதனால் அவரிடம் சொல்லுங்கள், படியை இடித்துவிட்டுச் சாய்தளம் போடச் சொல்லிவிட்டேன். சின்னப்பிள்ளையோடு சண்டை போட்டு இன்னொரு சாவியும் வாங்கிவிட்டேன். நாற்காலியும் இனி நாலு. அவர் வந்தால் போதும், வந்து என்னைத் திட்டினாலும் போதும்.

பெலிசியாவுக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் ஆசீர்வாதம். ஆண்டவர் உங்கள் கல்லாவையும் உடம்பையும் காப்பாற்றட்டும். ரோசி உங்களுக்காக நல்ல வஞ்சிரக் கருவாடு எடுத்து வைத்திருக்கிறாள்.

என்றும் உங்கள் நலம் விரும்பும்,
சகாயநாதன்

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது உத்திராபதி வந்தார். நேற்று சிதம்பரம் போய் அந்த அம்மாவைப் பார்த்தாராம். கிள்ளைப் பக்கத்துப் பெண்களைச் சேர்த்துக்கொண்டு அங்கே அந்த அம்மாவே ஒரு சங்கம் ஆரம்பித்துவிட்டாராம், திரும்பி வர மாட்டாராம். கணக்கு எழுத ஆள் வேண்டும் என்று எனக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறார். சொன்னது அப்படியே: "வயசானவங்க சார்பா ஒருத்தர், நோயாளிங்க சார்பா ஒருத்தர், முட்டிவலிக்காரங்க சார்பா ஒருத்தர், ஆம்பளைங்க சார்பா ஒருத்தர்னு நாலு பேரத் தேடிக்கினு இருந்தேன். சார் ஒருத்தரே போதும், வரச் சொல்லு. கூட்டத்துக்கு நடுவுல ரெண்டு மூணு தடவ எழுந்து ஓடுவாரு, பாவம். எங்க எடத்துல கக்கூஸ் தரையோட தரையா இருக்கு, உள்ள தாழ்ப்பாளும் இருக்கு, பயப்படாம வரலாம்னு சொல்லு."

ஆகையால் மேலே எழுதியது எதையும் அவரிடம் சொல்ல வேண்டாம் மச்சான். வியாழக்கிழமை கூட்டமாம், நானே வருகிறேன். வெளியூர் கிளம்பினால் முந்தின ராத்திரியில் இருந்தே தண்ணீர் குடிக்க மாட்டேன், உங்களுக்குத்தான் தெரியுமே. இந்தத் தடவை வயிறு நிறையக் குடித்துவிட்டு பஸ் ஏறுவேன்.