டாக்டர் சைஸ்மோர் உயிரோடுதான் இருக்கிறார்

ஷெல்பி அந்த மின்னஞ்சலை மூன்றாவது தடவை படித்தாள். மூன்றாவது தடவையும் அது மனசு மாறவில்லை.

உயிர்வேதியியல் செய்முறைப் பாடத்தை அவள் ஆன்லைனில் முடித்திருக்கிறாளாம். மருத்துவக் கல்லூரி அதை ஏற்றுக்கொள்ளாதாம்.

"போச்சு, எல்லாம் போச்சு!" என்றாள்.

"என்ன கண்ணு போச்சு?" என்று கேட்டார் மிஸ் ஓபல். அந்த ஊரில் வயசான பெண்மணி யாரானாலும் 'மிஸ்'தான். கிளினிக்கின் வரவேற்பு மேசையில் உட்கார்ந்து பீன்ஸுக்கு நார் உரித்துக்கொண்டிருந்தார். காலையில் முதுகுவலிக்காரர் ஒருவர் கொண்டுவந்து கொடுத்த பீன்ஸ்.

"ஆன்லைன்ல பண்ண லேப் செல்லாதாம். அந்த வருஷம் கொரோனான்னு காலேஜையே பூட்டிப் போட்டிருந்தாங்க. பின்ன நான் எங்க போய்ப் பண்றது, பூட்டை உடைச்சா?"

"உடைச்சிருக்கலாம்" என்றார் மிஸ் ஓபல்.

ஷெல்பிக்கு வயது முப்பத்தொன்று. கென்டக்கியின் கிழக்கு மலைப்பக்கம் கட்லர்ஸ் ஃபோர்க் என்ற ஊரில், டாக்டர் சைஸ்மோரின் கிளினிக்கில் ஒன்பது வருஷமாக உதவியாளராக இருக்கிறாள். ரத்தம் எடுப்பாள், கட்டுப் போடுவாள், சாயங்காலம் தரையும் கூட்டுவாள். அடுத்த டாக்டர் வேண்டுமென்றால் ஒன்றரை மணி நேரம் கார் ஓட்ட வேண்டும். சைஸ்மோருக்கோ முட்டி தேய்ந்துவிட்டது. அவருக்குப் பிறகு அந்த நாற்காலியில் தான் உட்கார வேண்டும் என்பதுதான் அவளுடைய ஒரே ஆசை.

இந்த மருத்துவக் கல்லூரிக்காரர்கள் இருக்கிறார்களே, ஒரு விண்ணப்பத்தோடு விடமாட்டார்கள். முதல் விண்ணப்பம் நாடு முழுவதற்கும் பொது. அதைப் பார்த்து மனசு இரங்கினால், அந்தந்தக் கல்லூரி இரண்டாம் விண்ணப்பம் என்று ஒன்றை அனுப்பும். பதினான்கு நாள் கெடு. ஷெல்பி மூன்று வருஷமாகப் போட்டுக்கொண்டிருக்கிறாள். முதல் இரண்டு வருஷம் ஒருவரும் சீண்டவில்லை. இந்த வருஷம்தான் ஒரே ஒரு கல்லூரி இரண்டாம் விண்ணப்பத்தை அனுப்பியிருந்தது.

அதில் கேள்வி ஒன்று: உங்களை மருத்துவத்தின் பக்கம் திருப்பியவர் யார்?

அதற்குப் பதில் எழுத அவளுக்குப் பத்து நிமிஷம் ஆகவில்லை. ஆறு வருஷத்துக்கு முன்னால் அவள் அம்மாவுக்கு வயிற்றுவலி வந்தது. டாக்டர் சைஸ்மோர் எட்டு மாசம் வாயுத்தொல்லைக்கு மாத்திரை கொடுத்தார். கடைசியில்தான் புற்று என்று தெரிந்தது. தெரிந்த மூன்றாம் வாரம் அம்மா போய்விட்டாள். அந்த மூன்று வாரமும் டாக்டர் கட்டிலுக்குப் பக்கத்திலேயே கிடந்தார். அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "எனக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கணும், என்னை மன்னிச்சிரும்மா" என்று விக்கி விக்கி அழுதார். அப்படி அழத் தெரிந்த ஒரு டாக்டரைப் போல நானும் ஆக வேண்டும் என்று முடித்திருந்தாள். எழுதும்போது அவளே இரண்டு தடவை மூக்கைச் சிந்தினாள்.

லேப் விஷயமாகக் கல்லூரிக்குப் போன் போட்டாள். அங்கே ஒரு பெண்மணி, தங்கமான மனுஷி, ஒரு வழி சொன்னாள்.

"அதுக்குச் சமமான செய்முறை வேலையை நீங்க ஒரு டாக்டர்கிட்ட பண்ணியிருக்கீங்கன்னு அவரே எழுதிக் கொடுத்தா, கமிட்டி பார்க்கும். ஆனா அவரோட லைசென்ஸ் நம்பர் கண்டிப்பா வேணும்."

"அவ்வளவுதானா? என் டாக்டர் புத்தகமே எழுதிக் கொடுப்பார்!"

கொடுத்தார். டாக்டர் சைஸ்மோர் மூன்று பக்கம் கையால் எழுதினார். ஷெல்பி அதை இரண்டு தடவை படித்தாள்.

"உன்னை மாதிரி ஒருத்தி வந்து உக்காரணும்னுதான் இந்த முட்டியை இழுத்துக்கிட்டு நடக்கறேன். சீக்கிரம் போய்ப் படிச்சிட்டு வா" என்றார்.

"இங்க நம்பர் எழுதலியே டாக்டர்?"

"நாளைக்குப் பாத்துச் சொல்றேன்."

மறுநாள், எங்கேயோ வைத்துவிட்டேன் என்றார். அதற்கு மறுநாள், "நம்பர் என்ன பெரிய நம்பர்! என் கையெழுத்து போதாதாமா அவனுங்களுக்கு?" என்று எரிந்து விழுந்தார். கெடுவில் ஐந்து நாள் ஓடிப்போயிருந்தது.

ஆறாம் நாள், படுத்த படுக்கையாக இருக்கும் ஒரு நோயாளியைப் பார்க்க டாக்டர் வெளியே கிளம்பினார். ஷெல்பி அவர் அறைக்குள் நாற்காலி போட்டு ஏறினாள். சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் சான்றிதழ் தொங்கியது. நம்பரைப் பார்த்து எழுதி, கடிதத்தில் சேர்த்து, கல்லூரித் தளத்தில் ஏற்றிவிட்டாள்.

"அவரைக் கேக்காம ஏன் கண்ணு பண்ணே?" என்றார் மிஸ் ஓபல். முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

"கேட்டாத்தான் நாளைக்குங்கறாரே!"

இரண்டு நாளில் பதில் வந்தது. டாக்டர்களுக்கு உரிமம் கொடுக்கும் மாநில மெடிக்கல் போர்டின் பதிவுப்படி, குறிப்பிட்ட உரிமத்துக்குச் சொந்தக்காரர் 1991-இல் காலமாகிவிட்டார். இறந்தவர் பெயரில் பரிந்துரைக் கடிதம் கொடுத்தது ஏன் என்று கெடுவுக்குள் விளக்கம் வேண்டும். தவறினால் விண்ணப்பம் ரத்து. மோசடி என்று மற்ற எல்லாக் கல்லூரிகளுக்கும் தெரிவிக்கப்படும்.

ஷெல்பி நேரே டாக்டர் அறைக்குப் போனாள். அவர் சோள ரொட்டியைப் பீன்ஸ் சூப்பில் பிய்த்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

"டாக்டர், நீங்க செத்துட்டீங்களாம்."

ஸ்பூன் நின்றது. "யாரு சொன்னா?"

"மாநில மெடிக்கல் போர்டு."

"எப்போ?"

"தொண்ணூத்தொண்ணுல."

டாக்டர் சூப்பை ஒரு கிளறு கிளறினார். பிறகு, "சரி, விட்டுத்தள்ளு. செத்தவனுக்கு வரி கிடையாது" என்றார்.

"விளையாடாதீங்க! என்னைத் திருடிங்கறாங்க. ஒரே ஒரு போன் போட்டு, நான் உயிரோட இருக்கேன்னு சொல்லுங்க, போதும்."

"எனக்குப் போன்ல பேசினா காது அடைக்கும்" என்று சொல்லிவிட்டு, சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார்.

கிழவருக்கு அரசாங்கம் என்றாலே ஆகாது, காப்பீட்டுக் கம்பெனிகள் என்றால் அதைவிட ஆகாது. எந்தக் காகிதத்திலும் சிக்காமல், கையில் கொடுத்ததை வாங்கிக்கொண்டு, மருந்தைத் தன் அலமாரியிலிருந்தே எடுத்துக் கொடுப்பவர். அதனால்தான் போர்டில் எவனோ ஒரு குமாஸ்தா அவரைச் செத்த கணக்கில் தள்ளியிருக்கிறான் என்று ஷெல்பிக்குப் பட்டது. பாவம், முப்பது வருஷத்துக்கு மேல் இந்த மலைக்கு உழைத்த மனுஷனுக்கு இதுவா மரியாதை? தன் விண்ணப்பத்தைவிட இப்போது அதுதான் அவளுக்கு ஆற்றாமையாக இருந்தது.

போர்டுக்கு அவளே போன் போட்டாள்.

"உயிரோட இருந்தா அவரே நேர்ல வரணும், மேடம்" என்றான் மறுமுனையில் இருந்தவன்.

"அவர் வரமாட்டேங்கறார்."

"செத்தவங்க பெரும்பாலும் வர்றதில்ல, மேடம்."

"யோவ், இப்பத்தான் எதுத்தாப்புல உக்காந்து சாப்பிட்டார்யா!"

"அவர் தொண்ணூத்தொண்ணுக்கு அப்புறம் வைத்தியம் பார்த்ததுக்கு ஆதாரம் ஏதாவது இருக்கா?"

"ஆதாரமா? ஊரே இருக்கு!"

மறுமுனையில் பேனாவைத் திறக்கும் சத்தம் கேட்டது. அப்புறம் அவன் குரல் ரொம்ப மரியாதையாக மாறியது. "அனுப்புங்க மேடம். எல்லாத்தையும் அனுப்புங்க. பேரு, தேதி, என்ன வியாதி, என்ன பண்ணார், ஒண்ணு விடாம."

ஷெல்பி வீடு வீடாக ஏறினாள். இரண்டே நாள், ஊரைச் சலித்துவிட்டாள்.

சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பக் என்பவர் செருப்பைக் கழற்றிக் காலைக் காட்டினார். "இந்தக் கட்டைவிரலை அவர்தான் எடுத்தாரு. மேசை மேல படுக்க வெச்சு, அரை மணியில. பாட்டில்ல போட்டு வெச்சிருக்கேன், அதையும் அனுப்பணுமா?"

"எழுதிக் கொடுத்தாப் போதும், பக்."

"பாட்டில் இருந்தா இன்னும் ஸ்ட்ராங்கா இருக்கும்ல?"

அடுத்த தெரு வெர்லினுக்கு மூன்று பிரசவமும் அவர்தான் பார்த்தார். "ரெண்டு நல்லபடியா. மூணாவது நிக்கல. கொடி சுத்திக்கிச்சுன்னார். அதையும் எழுதணுமா?"

ஷெல்பி ஒரு நொடி தயங்கினாள். "எழுதுங்க அக்கா. அவர் அன்னிக்கு இங்க இருந்தாருங்கறதுக்கு அதுவும் ஒரு சாட்சிதானே?"

வெர்லின் எழுதினாள். தேதியை யோசிக்கவே இல்லை, டக்கென்று எழுதினாள்.

மொத்தம் எண்பத்திரண்டு வாக்குமூலம். எல்லாவற்றுக்கும் மேலே ஷெல்பி தன்னுடையதை வைத்தாள். அம்மாவின் எட்டு மாச மாத்திரைகளின் பெயர்கள், நாள், அளவு, எல்லாம் அவளுக்கு மனப்பாடம். ஊர் வங்கியில் கையெழுத்துகளுக்கு நோட்டரி முத்திரை வாங்கி, கட்டாகக் கட்டி அனுப்பினாள்.

"நாளைக்கழிச்சுப் போர்டுலேருந்து ஆள் வர்றாராம்!" என்று கிளினிக்குக்கு ஓடி வந்து சொன்னாள். "நேர்ல பார்த்து உறுதி பண்ணிட்டா அன்னிக்கே கல்லூரிக்கும் எழுதிடுவாங்களாம். கெடு அன்னிக்குத்தான் முடியுது. கரெக்டா இருக்கும்."

டாக்டர் அவள் தலையில் கை வைத்தார். உள்ளங்கை ஈரமாக இருந்தது.

"ஷெல்பி, நீ நல்லாப் படிக்கணும்" என்றார் அப்புறம். "எதையும் பாதியில விட்டுராதே."

"இன்னும் சீட்டே கிடைக்கல டாக்டர்."

"கிடைக்கும். உனக்குக் கிடைக்கணும்."

வந்தவர் பெயர் ப்ரூயிட். அரைக்கைச் சட்டை, டை, கையில் தடித்த பை. வாசலில் ஷெரீஃப் ஆபீஸ் கார் ஒன்றும் வந்து நின்றது. சாட்சிக்குப் போலீஸையே கூட்டி வந்திருக்கிறார்களே, எவ்வளவு பொறுப்பு என்று ஷெல்பி நினைத்துக்கொண்டாள். அன்று அவள் முடியை இழுத்துக் கட்டி, இஸ்திரி போட்ட சட்டை அணிந்திருந்தாள்.

"ஷெல்பி ஸ்டிடம் நீங்கதானே? இந்த வேலையில இருபது வருஷமா இருக்கேன், இவ்வளவு சுத்தமா யாரும் ஆதாரம் சேர்த்துக் கொடுத்ததில்ல" என்றார் ப்ரூயிட்.

ஷெல்பிக்கு முகம் சிவந்தது. "இதைக் கல்லூரிக்கும் கொஞ்சம் எழுதிடுவீங்களா சார்?"

"கேஸ் முடிஞ்சதும் கட்டாயம் எழுதறேன்."

"கேஸா? என்ன கேஸு... சரி, இருங்க, அவரைக் கூப்பிடறேன்."

டாக்டர் அறைக் கதவைத் தட்டினாள். திறந்தாள். பின்பக்கக் கதவு ஆவென்று கிடந்தது. வெளியே ஓடிப் பார்த்தாள். அவருடைய பழைய லாரி நின்ற இடத்தில் எண்ணெய்க் கறைதான் இருந்தது. மலைப்பாதையில் புழுதி இன்னும் அடங்கவில்லை.

மூச்சு வாங்கத் திரும்பி வந்தாள். கடிகாரத்தைப் பார்த்தாள். கல்லூரியின் கெடு முடிய இரண்டு மணி நேரம்கூட இல்லை.

"சார், போயிடாதீங்க! இப்பத்தான் இருந்தார், சத்தியமா உயிரோட இருந்தார்! காலையில காபி போட்டுக் கொடுத்தேன் சார்! மிஸ் ஓபல், நீங்களாவது சொல்லுங்களேன், டாக்டர் சாகலேன்னு சொல்லுங்க!"

மிஸ் ஓபல் மேசையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக எழுந்தார்.

"போர்டு சொன்னது சரிதாங்க. டாக்டர் சைஸ்மோர் என் புருஷன், இந்த ஊருக்கு வர்றதுக்கு முன்னாடியே, தொண்ணூத்தொண்ணுல நான்தான் அடக்கம் பண்ணேன். இப்ப ஓடினவரு என் கொழுந்தன். இவரும் மெடிக்கல் காலேஜுக்கு அப்ளை பண்ணாரு, பதில்தான் இன்னும் வரல."