முள்கரண்டியால் பிடுங்கிய முட்கள்

காகுவாஸ்,
நவம்பர் 9, ஞாயிறு காலை

பெருமதிப்பிற்குரிய மைத்துனர் ரடமேஸ் அவர்களுக்கு,

தங்கள் அக்காள் கணவன் ஒப்துலியோ எழுதிக்கொண்டது. கடவுள் கிருபையால் இங்கே நெரெய்டாவும் நானும் சௌக்கியம். ஒர்லாண்டோவில் ஆஸ்பத்திரி வேலை, தங்கும் இடம், சாப்பாடு எல்லாம் தங்களுக்குத் தோதாக அமைந்திருக்கும் என்று நம்புகிறோம். தங்கள் கார் நலமாக இருக்கிறது.

நலமாக இருக்கிறது என்று முதலிலேயே எழுதிவிட்டேன், அதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே படி. ‘தாங்கள்’ போட்டு ஆரம்பித்ததைப் பார்த்ததுமே உனக்குச் சந்தேகம் வந்திருக்கும். நியாயமான சந்தேகம்தான். போனில் சொல்லியிருக்கலாமே என்பாய். போனில் சொன்னால் பாதியிலேயே கத்துவாய். கடிதத்தைப் படித்துவிட்டு அங்கே எவ்வளவு கத்தினாலும் எனக்குக் கேட்காது.

போன வருஷம் விமானம் ஏறுவதற்கு முன் சாவியை என் கையில் வைத்து நீ சொன்னது ஒரு எழுத்து விடாமல் ஞாபகம் இருக்கிறது. “அத்தான், வாரத்துக்கு ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணு, பத்து நிமிஷம் ஓடட்டும், அணைச்சிடு. வேற எதையும் தொடாதே. ரேடியோவைக்கூடத் தொடாதே.” பதினான்கு மாதம் அப்படியே செய்தேன். போர்டிகோவில் அந்தச் சிவப்புக் காருக்குள் சனிக்கிழமைதோறும் பத்து நிமிஷம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஆகஸ்ட் மாதம் ஒரு சனிக்கிழமை ஸ்பீடோமீட்டருக்குப் பின்னால் இருக்கிற பல்பு போய்விட்டது. நான் ஒன்றும் செய்யவில்லை, அதுவாகப் போனது. நீ ஆசையாகத் திரும்பி வரும்போது உன் கார் இருட்டு மூஞ்சியோடு நிற்க வேண்டுமா என்று மனசு கேட்கவில்லை. ஒரு பல்பு மாற்றினால் தீர்ந்தது என்று பக்கத்து வீட்டுச் சாகோவைக் கூப்பிட்டேன். சாகோவை உனக்குத் தெரியும், அவன் காரில் இருக்கிற மீட்டர்களை எண்ணினால் விமானத்தில்கூட அத்தனை இருக்காது. அவன் குனிந்து பார்த்தான். “பல்பு மாத்தணும்னா மீட்டர் பெட்டியையே வெளிய எடுத்தாகணும் துலியோ. எடுக்கிறதுதான் எடுக்கிறே, அந்தக் கிழட்டு மூஞ்சியையும் மாத்திடு. வெள்ளைத் தகடு, நீல வெளிச்சம், அலுமினிய வளையம், சிவப்பு முள். மச்சான் வந்து பாத்தா அப்படியே அழுதுடுவான்” என்றான். அவன் சொன்னதில் கடைசி வாக்கியம் மட்டும்தான் பலிக்கும் போலிருக்கிறது.

ஒன்று சொல்கிறேன், கோபப்படாதே. முப்பத்தொரு வருஷம் வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் படித்தவன் நான். மீட்டர் என்றால் எனக்குப் பயம் கிடையாது. ரிட்டையர் ஆன பிறகு படிக்க ஒரு மீட்டரும் இல்லாமல் வீட்டில் உட்கார்ந்திருப்பவனிடம் ஒரே பெட்டியில் ஆறு மீட்டரைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுத் தொடாதே என்றால் எப்படி? புதுத் தகடுகளுக்கு எழுதிப் போட்டேன், தபாலில் வந்தன. சாகோவும் நானும் சாப்பாட்டு மேஜையில் துண்டு விரித்து, மீட்டர் பெட்டியைப் பிரித்து, கண்ணாடியைக் கழற்றி வைத்தோம். பழைய தகட்டை எடுக்க வேண்டுமென்றால் முட்களைப் பிடுங்க வேண்டும். சாகோ போனில் காட்டிய வீடியோவில் ஒருவர் இரண்டு ஸ்பூனைக் கொடுத்து மெல்ல நெம்பினார். எங்கள் வீட்டு ஸ்பூனெல்லாம் அழுக்குப் பாத்திரத்தோடு கிடந்தன. முள்கரண்டி இருந்தது. முள்ளைப் பிடுங்க முள்கரண்டிதான் பொருத்தம் என்று சாகோ சொன்னான். ஆறும் பட்பட்டென்று வந்துவிட்டன. ஒன்று பறந்து போய் நெரெய்டா வேகவைத்துக்கொண்டிருந்த மொச்சைக்குள் விழுந்தது, அதைக் கழுவி எடுத்துவிட்டோம். பிடுங்குவதற்கு முன் ஒவ்வொரு முள்ளும் எங்கே நின்றது என்று பென்சிலால் குறி வைக்க வேண்டுமாம். வீடியோவில் அது பின்னால்தான் வந்தது. நாங்கள் பிடுங்கி முடித்த பிறகு பார்த்தோம்.

புதுத் தகடு, புது முள், நீல வெளிச்சம், எல்லாம் பொருத்தி, பெட்டியைக் காரில் மாட்டி, சாவியைத் திருப்பினேன். ஐயோ ரடமேஸ், என்ன அழகு! கடல் ராத்திரியில் மினுக்குவது போல் இருந்தது. அதே சமயம் சூடு காட்டும் முள் சிவப்புக் கோட்டில் போய் நின்றது. நான் பதறிப்போய் வாளியில் தண்ணீர் கொண்டு வந்தேன். சாகோதான் கையைப் பிடித்தான். “யோவ், இன்னும் எஞ்சினையே ஸ்டார்ட் பண்ணலய்யா!” அந்த முள்ளைத் திரும்பப் பிடுங்கி, கண்ணால் பார்த்து நடுவில் குத்தினோம். பெட்ரோல் முள் முக்கால் டாங்க் காட்டியது. வேகம் காட்டும் முள் இருபத்தைந்தில் நின்றது. போர்டிகோவில் நிற்கிற கார் எப்படி இருபத்தைந்தில் ஓடும் என்று நானும் கேட்டேன். ஓட ஆரம்பித்தால் சரியாகிவிடும் என்றான் சாகோ. கேட்க நன்றாக இருந்ததால் நம்பினேன்.

இதுவரைக்கும் நடந்ததற்கு நீ என்னைத் திட்டலாம். இனிமேல் வருவதில் உன் அக்காள் சம்பந்தப்பட்டிருக்கிறாள், அதனால் நிதானமாகப் படி. கயேய் மலைப்பாதையில் அவள் போன வேன் பிரேக் பிடிக்காமல் சரிந்ததிலிருந்து நாலு வருஷமாக அவள் எந்த வண்டியிலும் நிம்மதியாக உட்கார்ந்ததில்லை என்பது உனக்குத் தெரியும். மார்க்கெட்டுக்குப் போனால்கூடக் கதவுப் பிடியை விட மாட்டாள். உன் காருக்கு அவள் வைத்த பேர் ‘சிவப்புச் சவப்பெட்டி’. அப்படிப்பட்டவளைப் போன மாதம் எங்கள் முப்பத்தைந்தாவது கல்யாண நாளன்று, குவாவாத்தேக்குப் போய் வறுத்த பன்றி சாப்பிடலாம், இந்தக் காரிலேயே போகலாம் என்று மூன்று நாள் கெஞ்சிச் சம்மதிக்க வைத்தேன். “அம்பத்தஞ்சுக்கு மேல போனே, அங்கேயே இறங்கி நடந்துருவேன்” என்றாள். “முள்ளு உன் கண்ணு முன்னாலதானே இருக்கு, நீயே பாத்துக்கிட்டு வா” என்றேன். ஏறியதும் முதல் கேள்வி: “வண்டி நிக்குது. முள்ளு ஏன் இருபத்தஞ்சுல இருக்கு?” நான் சமாளித்தேன்: “ஸ்போர்ட்ஸ் கார் அப்படித்தான். கிளம்பத் துடிக்குது.”

ஐம்பத்திரண்டாம் நெடுஞ்சாலையில் ஏறினோம். முள் ஐம்பத்தைந்தைத் தொட்டது. உன் அக்காள் கண்ணை இமைக்காமல் அதையே பார்த்துக்கொண்டு, வாய்க்குள் ஜெபம் சொல்லிக்கொண்டு வந்தாள். கொஞ்ச நேரத்தில் ஜெபம் நின்றது. “என்ன இது, வீட்டு ஹால்ல சோபாவுல உக்காந்த மாதிரி இருக்கு? வேகமே தெரியலையே!” என்றாள். நல்ல கார் என்றால் அப்படித்தான் என்று உன் காரைப் புகழ்ந்தேன். கதவுப் பிடியிலிருந்து கையை எடுத்தாள். ரடமேஸ், நாலு வருஷத்தில் முதல் தடவை அந்தக் கையை எடுத்தாள். பிறகு கண்ணாடியை இறக்கினாள். பிறகு, “இன்னும் கொஞ்சம் போயேன்” என்றாள். அறுபது. அறுபத்தைந்து. “போ துலியோ, பயப்படாதே!” என்று எனக்கே தைரியம் சொன்னாள். எழுபதில் முடி பறக்காமலேயே முடியை ஒதுக்கிக்கொண்டு, கல்யாணமான புதிதில் சிரித்த மாதிரி ஒரு சிரிப்பு சிரித்தாள். பின்னால் வந்த வண்டிகளெல்லாம் ஹாரன் அடித்தன, விளக்கைப் போட்டுப் போட்டு அணைத்தன. “பாரு, எல்லாரும் தம்பி வண்டியைப் பாத்து மலைச்சுப் போயிருக்காங்க” என்று நெரெய்டா கையை வெளியே நீட்டி எல்லோருக்கும் டாட்டா காட்டினாள். நானும் காட்டினேன். கோழிக் கூண்டு ஏற்றிய ஒரு லாரி எங்களைத் தாண்டிப் போனது. டிரைவர் ஏதோ கை ஜாடை காட்டினான், பாராட்டாக எடுத்துக்கொண்டோம்.

மலை ஏற்றத்துக்கு முன்னால் சைரன் கேட்டது. ஓரம் கட்டினேன். ஒரு போலீஸ்காரப் பெண், முப்பது வயது இருக்கும், மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு மெல்ல வந்து ஜன்னலில் குனிந்தாள். “பெரியவரே, உடம்புக்கு ஏதாவது முடியலையா?” என்றாள். நான் நேர்மையானவன், உண்மையைச் சொன்னேன். “எழுபது போயிட்டேம்மா, ஒத்துக்கிறேன். இன்னிக்கு எங்க கல்யாண நாள். இவதான் போகச் சொன்னா.” “எழுபதா?” “எழுபது” என்று நெரெய்டா பெருமையாக நிமிர்ந்து உட்கார்ந்தாள். “நானே முள்ளைப் பாத்துக்கிட்டு வந்தேன்.” அந்தப் பெண் தன் ரேடார் கருவியை எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினாள். “இருபத்தெட்டு” என்றாள். “உங்க பின்னால மூணு மைலுக்கு வண்டி நிக்குது. ஒருத்தர், உங்க கார்ல பிரசவம் நடக்குதோன்னு கேட்டு போன் பண்ணியிருக்காரு.”

நான் மீட்டரைக் கையால் காட்டினேன். அவள் உள்ளே தலையை நீட்டி உன் மீட்டரைப் பார்த்தாள், பார்த்ததும் முகமே மாறிவிட்டது. இந்தத் தீவில் கார் பைத்தியம் பிடிக்காத போலீஸ் உண்டா? “சார், நம்ம ரோட்டுல வேகம் மைல்ல, இது கிலோமீட்டர் தகடு! அடியில பொடி எழுத்துல போட்டிருக்கு பாருங்க. முள்ளு வேற நின்னுக்கிட்டே இருபத்தஞ்சு காட்டுது. பிடுங்கும்போது குறி வெச்சீங்களா?” “இல்லம்மா.” “எதை வெச்சு நெம்புனீங்க?” “முள்கரண்டி.” அவள் சிலுவைக் குறி போட்டுக்கொண்டாள். அபராதச் சீட்டு எழுதவில்லை. பயமோனில் மிக்டாலியா என்று ஒரு பெண் மீட்டர் வேலையில் கெட்டிக்காரி என்று விலாசம் எழுதிக் கொடுத்தாள், இனிமேல் வலது ஓரமாகவே போகச் சொன்னாள். நான் நன்றி சொல்லிச் சாவியைத் திருப்பினேன். வண்டி கிளம்பவில்லை. முக்கால் டாங்க் காட்டிக்கொண்டிருந்த வண்டியில் ஒரு சொட்டுப் பெட்ரோல் இல்லை. நாலு மைலாக எங்கள் பின்னால் ஹாரன் அடித்துக்கொண்டு வந்த ஒரு குடும்பம்தான் நிறுத்தி, கேனிலிருந்து ஊற்றிவிட்டுப் போனது. “எங்க மாமியாருக்கு நடக்கிறப்பவே இதைவிட வேகம் அதிகம்” என்று அந்த ஆள் சொன்னதற்கு மாமியாரும் சேர்ந்து சிரித்தாள்.

நெரெய்டா சிரிக்கவில்லை. குவாவாத்தேக்குப் போகவும் இல்லை. வீட்டுக்கு வரும் வழி முழுக்க மறுபடியும் கதவுப் பிடியைப் பிடித்துக்கொண்டு வந்தாள். போர்டிகோவில் இறங்கியதும் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். “எனக்குப் பயம் விட்டுப்போச்சுன்னு நினைச்சேன் துலியோ” என்றாள். “அதையும் பொய்யாக்கிட்டே.” அவ்வளவுதான். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் காருக்குள்ளேயே உட்கார்ந்திருந்தேன். நீல வெளிச்சம் அழகாகத்தான் இருந்தது, பார்க்கப் பிடிக்கவில்லை. உன்னிடம் மன்னிப்புக் கேட்பதைவிட அவளிடம் கேட்பதுதான் கஷ்டமாக இருந்தது, இன்னும் சரியாகக் கேட்ட பாடில்லை.

நாலு நாள் கழித்து, சாகோ வண்டியில் பின்னாலேயே வர, பயமோனுக்குப் போனேன். நெரெய்டா ஒரு வார்த்தையும் பேசாமல் சாகோ வண்டியில் ஏறிக்கொண்டாள், எதற்கு என்று கேட்கத் தைரியம் வரவில்லை. மிக்டாலியாவின் பட்டறை பல் டாக்டர் அறை மாதிரி இருக்கிறது, தட்டு நிறைய முட்கள், மேலே பெரிய விளக்கு. கண்ணில் பூதக்கண்ணாடியைச் சொருகிக்கொண்டு மீட்டர் பெட்டியைத் திறந்தவள், முதலில் கேட்டது, “இந்த முள்ளுல ஏன் மொச்சை வாசம் வருது?” சாகோ என் பக்கம் கையைக் காட்டினான். ஒரு முழுப் பகல், ஒரு சின்ன மோட்டாரை மாட்டி, இருபது, நாற்பது, அறுபது என்று ஓடவிட்டு, ஒவ்வொரு முள்ளாகப் பிடுங்கிச் சரியான இடத்தில் வைத்தாள், ஸ்பூனால், இரண்டு பக்கமும் சமமாக. உன் பழைய கறுப்புத் தகடுகளை பிஸ்கட் டப்பாவில் பத்திரமாகக் கொண்டு போயிருந்தேன். “பழைய மூஞ்சியா, புது மூஞ்சியா?” என்று கேட்டாள். பழையதே என்று நான் வாயைத் திறப்பதற்குள், பெஞ்சில் உட்கார்ந்திருந்த நெரெய்டா நாலு நாளில் முதல் தடவையாகப் பேசினாள். “புதுசு. ஆனா மைல்ல இருக்கணும்.” மிக்டாலியாவிடம் மைல் தகடு ஒன்று இருந்தது. அதனால் உன் காருக்கு இப்போது வெள்ளை மூஞ்சி. காட்டுகிற கணக்கு மட்டும் சுத்த உண்மை, அதற்கு மிக்டாலியா பொறுப்பு.

ஆகவே மச்சான், நான் கேட்பது ஒன்றே ஒன்று. டிசம்பரில் எப்படியாவது லீவு போட்டு வந்து உன் காரை எடுத்துக்கொண்டு போய்விடு. உன் அக்காள் அதைப் பற்றி நல்லதாகவோ கெட்டதாகவோ ஒன்றும் சொல்வதில்லை. முப்பத்தைந்து வருஷ அனுபவத்தில் சொல்கிறேன், அவள் பேசாமல் இருந்தால் ஒரு சாமான் வீட்டை விட்டுப் போக வேண்டும் என்று அர்த்தம். அதுவரை யாரும் அதை நகர்த்த மாட்டோம். சாவியை மாவு டப்பாவுக்குள் புதைத்து வைத்திருக்கிறேன். இனி உன் வண்டியின் ஒரு திருகைக்கூடத் தொட மாட்டேன் என்று உன் செத்துப்போன அப்பா பேரில் சத்தியம் செய்கிறேன்.

உனக்கு நல்ல உடம்பும் நல்ல நோயாளிகளும் வாய்க்கட்டும். கடவுள் உன் பக்கத்தில் இருந்து உன் கோபத்தையும் கொஞ்சம் பார்த்துக்கொள்ளட்டும். சாகோ தன் வணக்கத்தையும், தான் ஒன்றுமே செய்யவில்லை என்பதையும் தெரிவிக்கச் சொன்னான்.

பணிவுடன்,
உன் அத்தான்
ஒப்துலியோ

பி.கு.: தபால்தலை எடுக்க உள்ளே போனவன் ஒரு மணி நேரத்துக்கு மேல் கண்ணயர்ந்துவிட்டேன், எழுந்து வந்தால் போர்டிகோ காலியாகக் கிடக்கிறது. சமையலறைத் தரையெல்லாம் மாவு, டப்பாவுக்குள் கையை விட்டுத் துழாவினேன், சாவி இல்லை. போலீசுக்குப் போன் செய்யலாம் என்று போனை எடுத்தபோது அதுவே அடித்தது. நெரெய்டா. சாலினாஸில் கடற்கரையில் வறுத்த மீன் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறாளாம். கியர் போடவே உனக்குக் கற்றுக் கொடுத்தவள் அவள்தான் என்பதை நீயும் மறந்துவிட்டாய், நானும் மறந்துவிட்டேன். “வர்றப்ப முள்ளு எவ்வளவுல நின்னுச்சு?” என்று கேட்டேன். “உனக்கெதுக்கு அது? நீ கேட்டா பயந்துருவே” என்றாள். அப்புறம், “லெட்டரை இன்னும் போடலையே? தம்பியை டிசம்பர்ல வர வேணாம்னு எழுது. போன்சேல அத்தை இருக்கா, மயாகுவேஸ்ல ரெண்டு கல்யாணம் இருக்கு. எனக்கு வண்டி வேணும்” என்று வைத்துவிட்டாள். எனவே டிசம்பரில் வராதே. ஜனவரியிலும் யோசித்து வா. மேலே எழுதியதை முழுதும் அடித்துவிட்டு வேறு எழுதலாம் என்று பார்த்தேன், மாவுக் கையோடு எழுத முடியவில்லை.