ஆம்புலன்ஸ் வரியும் அடித்தள ஜன்னலும்

இந்தத் தேர்தலிலாவது மனைவியை ஜெயித்தே தீருவது என்று ஆர்வில் ஸ்டட்ஸ் முடிவு கட்டினார். கல்யாணமான நாள் முதல் எதிலும் ஜெயிக்காத மனுஷன், பாவம்.

ஒஹாயோவில் அவர்கள் இருந்த பார்லி க்ரீக் ஊரில் அன்று வாக்கெடுப்பு. வீட்டு வரியை இனி ஏற்றவே கூடாது என்று ஒரு தீர்மானம். அது ஜெயித்தால் வரி ஏறாது. அந்தக் கூடுதல் வரிப்பணத்தை நம்பி ஓடும் ஊரின் ஒரே ஆம்புலன்ஸும் நின்றுவிடும். ஆர்வில் வரி ஏறக் கூடாது என்ற பக்கம். பால் பண்ணையில் பிறந்து வளர்ந்த அவர் மனைவி லவான், ஆம்புலன்ஸ் பக்கம். வாசல் புல்வெளியில் ஆளுக்கொரு பிரசார அட்டை நட்டிருந்தார்கள். பக்கத்து வீட்டு நாய் மட்டும் பாரபட்சமில்லாமல் இரண்டுக்கும் காலைத் தூக்கியது.

"லவான், உன் ஓட்டும் என் ஓட்டும் ஒண்ணையொண்ணு அடிச்சுக்கத்தான் போகுது. எதுக்கு வீண் அலைச்சல்? ரெண்டு பேருமே போக வேணாம்."

"சரிங்க."

"நிஜமாவா?"

"ஓட்டுச் சாவடி வாசலை மிதிக்க மாட்டேன். போதுமா?"

இவ்வளவு சுலபமாக அவள் எதற்கும் சம்மதித்ததில்லை. அங்கேயே சுதாரித்திருக்க வேண்டாமா? சந்தோஷத்தில் இன்னும் இரண்டு பான்கேக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

அவள் வீட்டில் இருக்க, இவர் நைசாகப் போய் ஓட்டுப் போட்டு வருவதுதான் திட்டம். லவானோ வாசற்கதவை ஒட்டி நாற்காலி போட்டுக் கம்பளி பின்ன உட்கார்ந்தாள். பின்கதவைத் தொட்டாலே ஊருக்குக் கேட்கும். மிச்சம், வெளித்தரையை ஒட்டித் திறக்கும் அடித்தள ஜன்னல்தான். தலை போனது. தோளும் போனது. தொப்பை மாட்டேன் என்றது.

"லவான்!"

கையில் கம்பளியோடு வெளியே வந்தாள். "அங்க என்னங்க பண்றீங்க?"

"காத்து வாங்கறேன்."

"பாதி உடம்புக்கு மட்டுமா?"

"பேசாம இழும்மா!"

"இந்த வயசுல எனக்கு ஏதுங்க பலம்? ஆம்புலன்ஸைக் கூப்பிடறேன்."

"ஐயோ, அது வேணாம்!"

அவர் அலறி முடிப்பதற்குள் வண்டி வந்துவிட்டது. சம்பளமில்லாமல் ஆம்புலன்ஸில் தொண்டு செய்யும் பேக்கரிக்கார ஜோலின், கையில் ஒட்டிய மாவோடு குதித்து ஓடிவந்தாள். போன குளிர்காலத்தில் லவான் பனியில் வழுக்கி விழுந்தபோது அள்ளிக்கொண்டு ஓடியதும் இவள்தான். ஆர்வில் நட்ட அட்டை எதிரிலேயே நின்றது. ஜோலின் அதைப் பார்த்தாள். தன் மேல்கோட்டைக் கழற்றி, வயிறு சிராய்க்காமல் இருக்க அடியில் செருகினாள்.

"மூச்சை மெல்ல விடுங்க அண்ணே. வலிச்சா சொல்லணும்."

வண்டியில் வந்த நாலு பேரும் சேர்ந்து இழுத்ததில் வெளியே வந்து விழுந்தார்.

"அப்படி என்ன அவசரம் அண்ணே?"

"ஓட்டுப் போட..."

"அட, சாவடி எங்க ஆம்புலன்ஸ் நிலையத்துலதானே! வண்டியில ஏறுங்க."

கைத்தாங்கலாக இறக்கியும் விட்டார்கள். எதற்குப் போடப் போகிறார் என்று ஒருவரும் கேட்கவில்லை.

ஓட்டுச்சீட்டும் கையுமாய் நின்றவருக்குக் கண் கலங்கியது. லவானைப் பத்திரமாய்த் திருப்பித் தந்த கைகள் அல்லவா அவை! 'ஆண்டவரே, உமக்கு நன்றி' என்று முணுமுணுத்தபடி ஆம்புலன்ஸுக்கே போட்டுவிட்டார்.

வீடு திரும்பி, தலையைக் குனிந்துகொண்டு நின்றார். "வாக்கு மீறிட்டேன் லவான். ஆனா உன் பக்கம்தான் போட்டேன்."

"ஸ்தோத்திரம்! என்னோடதும் சேர்ந்து ரெண்டாச்சு."

"நீ எப்பப் போன?"

"எங்க போனேன்? போன மாசமே என் ஓட்டைத் தபால்ல அனுப்பிட்டேனே."

ஆர்வில் பொத்தென்று உட்கார்ந்தார். "அப்ப, பலம் இல்லைன்னு சொன்னது?"

"பண்ணையில எத்தனை கன்னுக்குட்டியை இழுத்து வெளிய எடுத்திருக்கேன்! உங்களை எடுக்க நான் ஒருத்தி போதாதாங்க? உங்க ஓட்டை எடுக்கத்தான் அவங்க வேண்டியிருந்துச்சு."