லெவல் கிராசிங்கின் இருபத்துமூன்று ஸ்தாபகர்கள்

1987 ஜூன் 14, ஞாயிற்றுக்கிழமை. எட்மண்ட் மீனம்பாக்கத்தில் விமானம் ஏறி ஆஸ்திரேலியாவுக்குப் போனான். வழியனுப்ப வந்தவர்கள் நான்கே பேர்: அவனோடு ‘லெவல் கிராசிங்’ என்ற இசைக்குழுவை நடத்திய அருள்மேரி, ரவி, ஏசுபாதம், அப்புறம் அருள்மேரியின் கல்லூரித் தோழி என்ற தகுதியில் நான். இன்று தாம்பரத்தில் விசாரித்துப் பாருங்கள். அன்று அவனுடைய கிதார்ப் பெட்டியைத் தன் கையாலேயே தூக்கிக் கொடுத்ததாகச் சொல்பவர்கள் மட்டும் பதினொரு பேர். பெட்டிக்கு ஒரே ஒரு கைப்பிடிதான்.

இந்த இனத்துக்குப் பெயர் ஸ்தாபகர்.

பார்த்ததும் அடையாளம் தெரியும். கச்சேரியில் நாற்காலியில் உட்காரமாட்டார். ஒலிபெருக்கிக்காரர் பக்கத்தில் கைகட்டி நிற்பார். பாட்டு தொடங்குவதற்கு முன்பே தலையாட்டுவார், தொடங்கியதும் பக்கத்தில் இருப்பவரிடம் பேச ஆரம்பிப்பார், முடிந்ததும் “பழைய ஃபீல் இல்ல” என்று பெருமூச்சு விடுவார். பழைய ஃபீல் இருந்த காலத்தில் அவர் எங்கே இருந்தார்? அதைத்தான் கேட்கக் கூடாது.

அந்தக் காலத்தில் எல்லாக் குழுக்களும் கல்யாண வரவேற்புகளில் சினிமாப் பாட்டு வாசிக்க, இவர்கள் மட்டும் அருள்மேரி எழுதிய சொந்தப் பாட்டுகளை வாசித்தார்கள். சீசன் டிக்கெட்டைப் பற்றி ஒன்று, தண்ணீர் லாரியைப் பற்றி ஒன்று. பல்லாவரத்தில் ஒரு மாப்பிள்ளையின் மாமா, “தெரிஞ்ச பாட்டு ஒண்ணுகூட வராதா?” என்று கேட்டு மைக்கைப் பிடுங்கிக்கொண்டார். அன்றைக்கு இந்தக் குழுவை ஆரம்பித்தது யார் என்று கேட்டிருந்தால், ஆரம்பித்த நால்வருமே ஓடியிருப்பார்கள்.

ஏழு வருடம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு 1995-இல் நான் திரும்பியபோது குழுவுக்குப் பத்தாவது ஆண்டு விழா. விழாத் தலைவர் சிட்டிபாபு. சேலையூர்ப் பக்கத்தில் அவருடைய வயல்கள் மனைகளாவதற்கு முன், அவருடைய பம்புசெட் அறையில்தான் இவர்கள் ஒத்திகை பார்த்தார்கள். மோட்டார் ஓடினால் கீபோர்டு இருமும். அதனால் பாடும்போது அவர் மோட்டாரை நிறுத்துவார், பாதி நாள். அவருடைய இசைப்பணி அவ்வளவுதான்.

“நான் மட்டும் மோட்டார ஆஃப் பண்ணலன்னா ஏதும்மா மியூசிக்கு?” என்றார் என்னிடம்.

பம்புசெட்டுக்கு எதிர்வீட்டுச் சுந்தரராமன் இன்னொரு ரகம். சத்தம் தாங்கவில்லை என்று போலீசில் மூன்று முறை மனு கொடுத்தவர். இப்போது அவரும் ஸ்தாபகர். எப்படி சார் என்றேன். “ஏம்மா, முழுசாக் கேக்காம கம்ப்ளெயிண்ட் எழுத முடியுமோ? அவா பாட்டை முதல்ல உட்கார்ந்து கேட்டவனே நான்தான்!”

விழாவில் அருள்மேரிக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. ரத்தினம் என்ற கேசட் கம்பெனிக்காரர் வருகிறார், அவர் காதில் ஒரு பாட்டு விழ வேண்டும், பிடித்துவிட்டால் கேசட். ஐந்து மணிக்கு வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். ஏழு மணிக்குக் குன்றத்தூரில் அவருக்கு வேறு நிகழ்ச்சி.

சிட்டிபாபு மைக்கைப் பிடித்தார். “மொதல்ல நம்ம ஸ்தாபக உறுப்பினருங்க மேடைக்கு வரணும்.”

மூன்று பேருக்குப் பொன்னாடை வாங்கி வைத்திருந்தார்கள். ஏறியவர்கள் இருபத்துமூன்று பேர். முன்னவர் தோளிலிருந்து உருவிப் பின்னவருக்குப் போர்த்தினார்கள். இடம் போதாமல் ரவியின் டிரம்ஸ் கீழே இறங்கியது, பிறகு ரவி இறங்கினான், பிறகு கீபோர்டோடு ஏசுபாதம். மேடையில் குழுவைத் தவிர எல்லோரும் இருந்தார்கள். ஆளுக்கு இரண்டே வார்த்தை பேசினார்கள். இரண்டு வார்த்தைக்கு எட்டு நிமிடம்.

“அண்ணா, ஒரே ஒரு பாட்டு பாடிடறேன். அவரு கெளம்பிடுவாரு” என்று அருள்மேரி கெஞ்சினாள்.

“இரும்மா. ஹிஸ்டரி தெரியாம பாட்டக் கேட்டு இன்னா பிரயோஜனம்?”

மணி ஆறரை. ரத்தினத்துக்கும் ஒரு பொன்னாடை விழுந்தது. அதை மடித்தபடியே அருள்மேரியிடம் வந்தார். “நல்ல குரூப்மா. ஆனா இத்தன பேரு மூஞ்சிய கேசட் கவர்ல எப்படிப் போடறது?” என்றார். போய்விட்டார்.

அருள்மேரி மேடையைத் திரும்பிப் பார்க்காமல் தரையில் நின்று, காலி நாற்காலிகளைப் பார்த்து அன்றைக்கென்று வைத்திருந்த ஒன்பது பாட்டையும் பாடினாள். ஸ்தாபகர்கள் மேடையில் புகைப்படம் எடுத்துக்கொண்டிருந்ததால் அவர்கள் காதில் ஒன்றும் விழவில்லை. மறுமாதம் மூவரும் ஏசுபாதத்தின் சர்ச் அறையில், இரவல் டேப்ரிக்கார்டரில் தாங்களே பதிவு செய்து இருநூறு கேசட் போட்டார்கள். அட்டையில் எட்மண்டோடு சேர்த்து நான்கு பெயர். சிட்டிபாபு ஆறு மாதம் பேசவில்லை.

நீங்கள் ரொம்பச் சிரிக்க வேண்டாம். இதைப் படிக்கும்வரை லெவல் கிராசிங் என்ற பெயரையே நீங்கள் கேட்டதில்லை. ஆனால் நாளைக்கே யாராவது அந்தப் பேச்சை எடுத்தால், “அவங்களா? எனக்கு அப்பவே தெரியுமே” என்று உங்கள் வாய் சொல்லும். அப்போது முதுகில் ஒரு பொன்னாடை உறுத்தும். தடவிப் பாருங்கள்.

1997 கடைசியில் அருள்மேரிக்கு ஓர் அஞ்சலட்டை வந்தது:

“செல்வி அருள்மேரி அவர்களுக்கு, தங்கள் கேசட் வெளிவந்ததாக அறிந்தேன். இன்னும் கேட்கவில்லை. எனினும், தங்களை முதன்முதலில் கண்டுபிடித்தவன் என்ற முறையில் பெருமைப்படுகிறேன். மறுபதிப்பின் அட்டையில் என் பெயரைச் சேர்க்கையில், மறவாமல் இனிஷியலோடு போடவும். இப்படிக்கு, டி. ரத்தினம்.”